நூறு சதவீதம் பிஸி, நொடிக்கு ஒரு எம்பி

பத்து வயதான லேப்டாப். பவர் பட்டனை அழுத்தி ஐந்து நிமிடமாகியும் பிரவுசர் திறந்தபாடில்லை. பொறுமை இழந்தவர் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை வரவழைக்கிறார். சிபியு பத்துப் பன்னிரண்டு சதவீதத்தில் சாவகாசமாக இருக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம். ஏதோ பெரிய வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று பக்கத்தில் வேகத்தைப் பார்த்தால், நொடிக்கு 0.8 எம்பி.

வாங்கிய புதிதில் இதே டிஸ்க்கில் ஒரு சினிமாவைக் காப்பி செய்தபோது நொடிக்கு 80, 100 எம்பி என்று ஓடியிருக்கும். இன்று நூறில் ஒரு பங்கு வேகத்தில் தவழ்ந்துகொண்டே, இதற்கு மேல் முடியாது என்கிறது. பெரும்பாலானோர் இந்த இடத்தில் ‘மெஷினுக்கு வயசாகிவிட்டது’ என்று தீர்ப்பெழுதிவிட்டுப் புதிய லேப்டாப்பின் விலையை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். அவசரத் தீர்ப்பு அது.

2012இல் வந்த வின்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரில் காட்டப்படும் அந்த டிஸ்க் சதவீதம் வேகத்தைச் சொல்வதில்லை. டிஸ்க் சும்மா இல்லாமல் இருந்த நேரத்தைச் சொல்கிறது. அந்த ஒரு நொடி முழுக்க டிஸ்க் வேலையில் இருந்தது உண்மை. அதில் மிகப் பெரும்பகுதி, தரவு இருக்கும் இடத்தைத் தேடிப் போவதிலும் அது வந்து சேரும்வரை காத்திருப்பதிலும் கழிந்தது என்பதும் உண்மை. படிப்பது கண நேரம், போய்ச் சேர்வதுதான் நெடுநேரம்.

ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள், அவற்றின் மேல் நீளும் ஒரு மெல்லிய கை, கையின் நுனியில் ஹெட். தட்டின் மேற்பரப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக லட்சக்கணக்கான வட்டத் தடங்கள். ஒரு ஃபைலைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் கை நகர்ந்து சரியான தடத்தின் மேல் நிற்க வேண்டும். லேப்டாப் டிஸ்க்குகளில் இதற்குச் சராசரியாக 12 மில்லிசெகண்ட் ஆகும். அதன்பின் வேண்டிய செக்டர் சுழன்று ஹெட்டுக்குக் கீழே வர வேண்டும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 11.1 மில்லிசெகண்ட் எடுக்கிறது. சராசரியாகப் பாதிச் சுற்றுக் காத்திருக்க வேண்டும் என்று கொண்டால் ஐந்தரை மில்லிசெகண்ட். இரண்டையும் கூட்டினால் பதினேழரை.

மனிதனுக்கு இது கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. 2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கோ இது மூன்றரைக் கோடி துடிப்புகள். கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் போடலாம். ஒரு தேடலுக்குப் பதினேழரை மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 57 தேடல்கள்தான் முடியும். ஒவ்வொரு தேடலிலும் வின்டோஸ் கேட்பது 4 கேபி அளவுள்ள சிறு துண்டு என்றால், நொடிக்கு மொத்தமே 228 கேபி. ஒரு முழு எம்பிகூட இல்லை. நொடிக்கு 100 எம்பி தரும் அதே டிஸ்க், துண்டு துண்டாகக் கேட்டால் கால் எம்பிதான் தருகிறது. நானூறு மடங்கு வித்தியாசம்! டிஸ்க்கில் எந்தப் பழுதும் இல்லாமலேயே.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1 ஜிபி அளவுள்ள ஒரே சினிமாவைப் பழைய டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மொத்தம் 1 ஜிபி வரும் பல்லாயிரம் சின்னஞ்சிறு ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள். இரண்டாவது வேலைக்கு மலைக்க வைக்கும் நேரம் ஆகும். ஒவ்வொரு சிறு ஃபைலை எழுதும்போதும் அதன் உள்ளடக்கத்தை மட்டும் எழுதினால் போதாது. காலியிடக் கணக்கைத் திருத்த வேண்டும், பெயர்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும், திடீரென்று மின்சாரம் போனால் எல்லாம் குழம்பிவிடாமலிருக்க ஒரு நாட்குறிப்பிலும் பதிய வேண்டும். இவை தட்டின் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. கை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய கணினியில் கேட்கும் அந்தக் ‘கரகர’ சத்தம் இந்த ஓட்டத்தின் சத்தம்தான்.

தொடக்கத்திலிருந்தே இதுதான் நிலைமை. உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் ராமாக் என்ற கணினியோடு வெளியிட்டது. ரேனால்ட் ஜான்சன் தலைமையில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவானது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, 50 லட்சம் எழுத்துகள் கொள்ளளவு. அத்தனை தட்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கை. அது மேலும் கீழும் ஏறி இறங்கி உரிய தட்டைப் பிடித்து உள்ளே நுழைய வேண்டும். ஒரு தகவலை எட்டிப் பிடிக்கச் சராசரி 600 மில்லிசெகண்ட். துளையிட்ட அட்டைகளை அடுக்கி வைத்துத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய பாய்ச்சல்தான்.

அன்றைய 50 லட்சம் எழுத்துகளை இன்றைய 20 டெராபைட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கொள்ளளவு ஏறக்குறைய நாற்பது லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. எட்டிப் பிடிக்கும் நேரமோ 600 மில்லிசெகண்டிலிருந்து 12, 13 ஆகக் குறைந்திருக்கிறது. ஐம்பது மடங்குகூட முழுதாக இல்லை. சுழற்சி வேகம் 1,200இலிருந்து 7,200க்கு வந்தது. வெறும் ஆறு மடங்கு. சீகேட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 15,000 சுற்று சுழலும் சீட்டா டிஸ்க்கைக் கொண்டுவந்தது. விலை, சூடு, சத்தம் மூன்றும் அதிகம் என்பதால் அது சர்வர் அறைகளைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. உலோகக் கையையும் சுழலும் தட்டையும் எவ்வளவுதான் விரட்ட முடியும்? சிலிக்கான் ஓடிய ஓட்டத்துக்கு இயந்திரம் ஈடுகொடுக்கவில்லை. பிராசஸர் வேகமாக ஆக ஆக, டிஸ்க்குக்காக அது வெட்டியாக நிற்கும் நேரம்தான் கூடியது.

ஆனால் எல்லாப் பழியையும் தட்டின் மேல் போட்டுவிடக் கூடாது. சில சமயம் தட்டு வேகமாக இருந்தும், சுற்றியிருந்தவை அதைக் கெடுத்திருக்கின்றன.

இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் கமடோர் 64. 1982இல் வந்து உலகெங்கும் கோடிக்கும் மேல் விற்ற வீட்டுக் கணினி. அதோடு இணைக்கும் 1541 என்ற ஃபிளாப்பி டிரைவ், கணினிக்குச் சமமான ஒரு தனிக் கணினி. அதற்குள்ளேயே 6502 பிராசஸரும் 2 கேபி நினைவகமும் இருந்தன. ஃபிளாப்பி நொடிக்கு ஐந்து சுற்று சுழலும். ஒரு தடத்தில் 17 முதல் 21 செக்டர், ஒவ்வொன்றிலும் 256 பைட். அப்படியானால் ஹெட்டுக்குக் கீழே நொடிக்கு இருபதாயிரம் பைட்டுக்கு மேல் கடந்துபோகிறது. கணினிக்கு வந்து சேர்ந்ததோ சுமார் 400 பைட்! 40 கேபி அளவுள்ள ஒரு விளையாட்டை ஏற்ற ஒன்றே முக்கால் நிமிடம். குழந்தைகள் டிரைவை ஆன் செய்துவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்று கேலி செய்யுமளவுக்கு அதன் பெயர் கெட்டது.

ஐம்பதில் நாற்பத்தொன்பது பங்கு வேகம் எங்கே போனது? இரண்டையும் இணைத்த கம்பியில். முந்தைய மாடலான விக்-20 கணினியில் பைட்டைத் தானாகவே பிட் பிட்டாகத் தள்ளிவிடும் வசதியுள்ள ஒரு சிப் இருந்தது. அந்த வசதியில் ஒரு குறை. அதைத் திருத்த நேரமில்லாததால், ஒவ்வொரு பிட்டையும் பிராசஸரே கையால் எடுத்துக் கொடுப்பதுபோல மென்பொருளில் எழுதிவிட்டார்கள். கமடோர் 64இல் குறையில்லாத புது சிப் இருந்தது. ஆனால் விக்-20க்காக விற்ற பொருள்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று பழைய முறையையே தொடர்ந்தார்கள். போதாக்குறைக்கு, கமடோர் 64இன் படக்காட்சி சிப் அவ்வப்போது பிராசஸரை நிறுத்திவிட்டு நினைவகத்தை எடுத்துக்கொள்ளும்; அந்த இடைவெளியில் வரும் பிட் தவறிவிடக் கூடாதென்று டிரைவின் வேகத்தை மேலும் குறைத்தார்கள். தவறு ஒரு மாடலில், தண்டனை அடுத்த மாடலுக்கு. கணினி வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான்.

சரிசெய்தவர்கள் வெளியாட்கள். டிரைவுக்குள்ளேயே ஒரு பிராசஸர் இருக்கிறதே, அதற்கு நம் புரோகிராமை அனுப்பிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். 1984இல் எபிக்ஸ் நிறுவனம் விற்ற ஃபாஸ்ட் லோடு கார்ட்ரிட்ஜைச் செருகினால் அதே டிரைவ், அதே கம்பி, அதே ஃபிளாப்பி, ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகம்.

ஐ.பி.எம். பிசி பக்கம் நடந்தது இன்னும் சுவாரசியம். 1983இல் வந்த பிசி எக்ஸ்டியில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க். ஒரு தடத்தில் 17 செக்டர், நொடிக்கு 60 சுற்று. கணக்குப்படி நொடிக்கு 522 கேபி வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், முதல் செக்டரைப் படித்துச் சரிபார்த்து நினைவகத்துக்கு அனுப்பி முடிப்பதற்குள், இரண்டாவது செக்டர் ஹெட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. திருவிழா ராட்டினத்தில் ஏறத் தவறிய பெட்டி முழுச் சுற்றும் சுற்றி வரும்வரை கீழேயே நிற்க வேண்டியதுபோல, ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு முழுச் சுற்றுக் காத்திருப்பு. 17 செக்டரைப் படிக்க 17 சுற்று.

அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். செக்டர்களுக்கு வரிசையாக எண் போடாமல், இடையில் ஐந்தைத் தாண்டி ஆறாவது இடத்தில் அடுத்த எண்ணை வைத்தார்கள். ஒன்றைக் கையாண்டு முடிக்கும் நேரத்தில் அடுத்தது சரியாக வந்து நிற்கும். ஆறே சுற்றில் முழுத் தடமும் முடிந்துவிடும். இன்டர்லீவ் என்று பெயர். வேகம் நொடிக்கு 87 கேபி. இருக்க வேண்டியதில் ஆறில் ஒன்று. ஆனாலும் தந்திரம் இல்லாவிட்டால் கிடைப்பதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வேண்டுமென்றே மெதுவாக்கி வேகத்தைக் கூட்டிய வேலை இது. பின்னர் வேகமான கன்ட்ரோலர்கள் வந்தபோது, பழைய எண் வரிசையோடு கிடந்த டிஸ்க்குகள் வீணாக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன. தரவை அழிக்காமலேயே எண் வரிசையை மாற்றித் தருவதற்கென்று ஸ்டீவ் கிப்சன் 1980களின் இறுதியில் விற்கத் தொடங்கிய ஸ்பின்ரைட் மென்பொருள் அந்தக் காலத்து டெக்னீஷியன்களிடம் மிகவும் பிரபலம்.

அடுத்த பெரிய தடங்கல் 1990களில் வந்தது. தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலத்துக் கணினிகளில் இருந்த ஐ.டி.இ. டிஸ்க்குகள் இரண்டு வழியில் தரவை அனுப்பும். ஒன்றில், டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு இரண்டு பைட்டையும் பிராசஸரே வாங்கி நினைவகத்தில் வைக்கும். இது பி.ஐ.ஓ. முறை. அதிகபட்சம் நொடிக்கு 16.6 எம்பி என்பது ஏட்டுக் கணக்கு; நடைமுறையில் அதைவிடக் குறைவு, அந்த நேரம் முழுக்கப் பிராசஸருக்கு வேறு வேலை ஓடாது. மற்றொன்று டி.எம்.ஏ. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவு நேராக நினைவகத்துக்குப் போய்விடும். இதில் வேகம் 33, 66, 100, 133 எம்பி என்று படிப்படியாக ஏறியது.

வசதி இருந்தும் பலர் அதை அனுபவிக்கவில்லை. சில சிப்களில் தரவு சிதையும் ஆபத்து இருந்ததால், வின்டோஸ் 95, 98 காலத்தில் டி.எம்.ஏ. என்ற கட்டத்தில் பயனர் தானே போய் டிக் போட வேண்டியிருந்தது. லினக்ஸில் மார்க் லார்ட் எழுதிய ஹெச்டிபார்ம் என்ற கருவியால் ஒரு வரி கட்டளை கொடுத்தால் டிஸ்க் பல மடங்கு வேகமாகிவிடும். அந்த ஒரு வரி தெரிந்தவர் அன்று நண்பர்கள் மத்தியில் மந்திரவாதி!

வின்டோஸ் எக்ஸ்பி டி.எம்.ஏ.வைத் தானாகவே போட்டுக்கொண்டது. ஆனால் ஒரு வினோதப் பழக்கத்தையும் வைத்துக்கொண்டது. டிஸ்க்கோடு பேசும்போது மொத்தம் ஆறு முறை பிழை நேர்ந்தால், அது வேகத்தை ஒரு படி குறைக்கும். மீண்டும் ஆறு பிழை, இன்னொரு படி. கடைசியில் பி.ஐ.ஓ. வரை இறங்கிவிடும். திரும்ப ஏறாது, யாருக்கும் சொல்லவும் சொல்லாது. லூசான கேபிளோ, கீறல் விழுந்த சிடியோ போதும். ஃபார்மெட் செய்து மறுபடி வின்டோஸ் போட்டால் வேகம் திரும்பிவிடும். ‘வைரஸ் இருந்தது, எடுத்துவிட்டோம்’ என்று சொல்லிப் பணம் வாங்கப்பட்ட எத்தனையோ கணினிகளில் உண்மையில் நடந்தது இதுவாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐ.டி.இ. சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்திருந்தாலே தீர்ந்திருக்கும். கேபிளிலும் ஒரு கண்ணி உண்டு. 33 எம்பிக்கு மேல் போக 80 கம்பிகள் உள்ள பட்டைக் கேபிள் தேவை. பழைய 40 கம்பிக் கேபிளும் அதே சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தும். வேகம் மட்டும் 33 எம்பியில் நின்றுவிடும்.

மெதுவான டிஸ்க் என்று பழி சுமக்கும் இன்னொரு விஷயம், உண்மையில் டிஸ்க்கே இல்லை. ரேம் குறைவாக உள்ள கணினியில் திறந்திருக்கும் புரோகிராம்களுக்கு இடம் போதாதபோது, இயங்குதளம் ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். அளவோடு நடந்தால் நல்ல ஏற்பாடுதான். அளவு மீறினால் கணினி உருப்படியான வேலை எதையும் செய்யாமல் எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுதைக் கழிக்கும். அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் இந்த நிலையை 1968லேயே ஆராய்ந்து கட்டுரை எழுதிவிட்டார். 64 பிட் வின்டோஸ் 10க்கு 2 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. இயங்கத்தான் செய்யும். ஒரு பிரவுசரில் நாலு டேப் திறந்து, பின்னணியில் ஆன்டிவைரஸும் அப்டேட்டும் ஓடினால் டென்னிங் சொன்னது கண்ணெதிரே நடக்கும்.

ஃபைல்கள் சிதறிப்போவது பற்றி ஒரு வார்த்தை. அழித்து எழுதி அழித்து எழுதிப் பழகிய டிஸ்க்கில் ஒரே ஃபைல் நூறு இடங்களில் கிடக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் கை ஓட வேண்டும். 1993இல் எம்எஸ்-டாஸ் 6உடன் சைமான்டெக் நிறுவனத்திடமிருந்து பெற்ற டிஃப்ராக் கருவியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது முதல், வண்ணக் கட்டங்கள் இடம் மாறுவதை மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. தட்டு கிட்டத்தட்ட நிரம்பியிருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். தட்டின் வெளிவிளிம்புத் தடங்கள் நீளமானவை, ஒரு சுற்றில் அதிகத் தரவு வரும். பொதுவாக டிஸ்க் அங்கிருந்துதான் நிரம்பத் தொடங்கும். கடைசியில் மிஞ்சும் உள்தடங்களில் வேகம் ஏறக்குறைய பாதிதான்.

எழுதுவதில் மட்டும் மெதுவாகும் டிஸ்க்குகளும் உண்டு. 512 பைட்டாக இருந்த செக்டர், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 4 கேபி ஆக மாறியது. வின்டோஸ் எக்ஸ்பியோ முதல் பார்ட்டிஷனை 63ஆவது செக்டரில் தொடங்கும்; எட்டால் வகுபடாத எண். விளைவாக எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு 4 கேபியும் இரண்டு பெரிய செக்டர்களின் மேல் கால் பரப்பி உட்காரும். இரண்டையும் படித்து, திருத்தி, தட்டு ஒரு சுற்று சுற்றி வந்தபின் மறுபடி எழுத வேண்டும். புது டிஸ்க் வாங்கிப் பழைய கணினியில் போட்டவர்கள், புதுசு பழசைவிட மெதுவாக இருக்கிறதே என்று குழம்பியது இதனால்தான். 2020 ஏப்ரலில் வேறொரு விவகாரம் வெடித்தது. ஓட்டு வேய்வதுபோலத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறையை, அட்டைப்பெட்டியில் குறிப்பிடாமலேயே சில மாடல்களில் புகுத்தியிருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்று நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. இத்தகைய டிஸ்க்கில் நடுவில் ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். படிக்கும்போது வித்தியாசம் தெரியாது. தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும்.

கடைசியாக, உண்மையிலேயே நோயுற்ற டிஸ்க். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. காலப்போக்கில் சில செக்டர்கள் படிக்க முடியாமல் போகும். டிஸ்க் உடனே கைவிரித்துவிடாது; திரும்பத் திரும்ப முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு சுற்று. இப்படிப் பல நொடிகள் ஒரே செக்டரில் நிற்கும்போது மவுஸ் மட்டும் நகரும், மற்றதெல்லாம் உறைந்து நிற்கும். திடீர் திடீரென்று உறைந்து, தானாகவே தெளியும் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். டிஸ்க்குகள் தம் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் தாமே குறித்துக்கொள்கின்றன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் அதைப் பார்க்கலாம்.

இந்தக் காத்திருப்புக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது, சுழலாத டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987இல் அறிமுகம் செய்த நேண்ட் ஃபிளாஷ் நினைவகம்தான் எஸ்.எஸ்.டி.யின் அடிப்படை. கை இல்லை, தட்டு இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் பத்தில் ஒரு மில்லிசெகண்ட் அளவில் தரவு கிடைக்கிறது. நொடிக்கு 57 தேடல் என்பது பல ஆயிரங்களாகிறது. பழைய லேப்டாப்பின் சாட்டா இணைப்பு நொடிக்கு 300 எம்பிக்கு மேல் தாங்காதே, எஸ்.எஸ்.டி. போட்டு என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. அந்த 300ஐத் தொடும் வேலைகள் அன்றாடத்தில் குறைவு. கணினி திறப்பதும், பிரவுசர் எழுவதும் சிறு துண்டுகளைத் தேடும் வேலைகள். அவற்றுக்கு அந்த உச்சவரம்பு குறுக்கே நிற்பதில்லை.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களின் கைக்கு வந்த ஆரம்பகால மாடல்கள் சுழலும் டிஸ்க் உள்ளவை. பல வீடுகளில் அவை அலமாரியில் தூங்குகின்றன. திரையும் கீபோர்டும் நன்றாக இருந்தால், 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றும், காலி ஸ்லாட் இருந்தால் கூடுதல் ரேமும் போட்டு அவற்றை மறுபடி உழைக்க வைக்கலாம். சென்னை ரிச்சி தெருவிலோ, எந்த ஊர் கணினிக் கடையிலோ சில நிமிடங்களில் முடிகிற வேலை. பழைய ஐ.டி.இ. டிஸ்க் காலத்து மெஷின்களுக்கு மட்டும் இந்தச் செலவு வேண்டாம். அவற்றின் பிராசஸர் இன்றைய இணையதளங்களுக்கு ஈடுகொடுக்காது. இன்னொன்று: வின்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது, வின்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட், லுபுன்டு போன்ற எளிய லினக்ஸ் வகைகளைப் பழகிக்கொள்வது நல்லது.

ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அந்த ஸ்மார்ட் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்றிருந்தால் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். மஞ்சளில் எச்சரிக்கை இருந்தால் டிஃப்ராக், ஸ்கேன் என்று எதையும் ஓட்டாதீர்கள். அவை நலிந்த டிஸ்க்கை மேலும் வேலை வாங்கும். முதலில் குடும்பப் போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். ‘டிக் டிக்’ என்று சீரான சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தால் அதுகூட வேண்டாம். கணினியை உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் டிஸ்க்கைக் கொடுங்கள்.